எழுதாத கார்டுகள்

‘கொடிக்கால் மித்திரன்’ ஆசிரியர் உமர் பாரூக் ஐயா இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். அவரைப் பற்றி எழுதித் தரும்படி புது ஆசிரியர் சிஹாபுதீன் கேட்டார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இந்தப் பத்திரிகையில் என் பெயர் வந்ததெல்லாம் இலையையும் வேரையும் பற்றித்தான். ஒரு மனிதரைப் பற்றி எழுதுவது இதுவே முதல் தடவை.

சோழவந்தான் பக்கம் வாடல் நோய் பரவி வெற்றிலைக் கொடிகள் வரிசை வரிசையாகச் சாய்ந்த வருஷத்தில்தான் ஐயா எங்கள் கொடிக்காலுக்கு வந்தார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து வேரடியில் ஊற்றினால் நோய் நிற்கும் என்று சிலர் சொன்னார்கள். கொடியே கருகிவிடும் என்று சிலர் சொன்னார்கள். ஐயாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கண்ணால் பார்த்த செய்தியைப் பெரிய எழுத்தில், பார்த்தவர் பெயரோடு போடுவார். காதால் கேட்டதெல்லாம் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போகும். துத்தத்தைப் பற்றிய செய்தி மாதாமாதம் பொடி எழுத்திலேயே கிடந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. பாதிக் கொடிக்கு மருந்து ஊற்றி, மீதியை அப்படியே விட்டு, தினமும் காலையில் பார்த்துக் குறிக்க ஓர் ஆள் தேடி வந்தார்.

என் வீட்டுக்காரர் பேச்சிமுத்து என் பக்கம் கையைக் காட்டினார். “நான் பாத்தா எல்லாக் கொடியும் நல்லாத்தான் தெரியும் பாய். இவதான் ஒவ்வொரு இலையையும் முறைச்சுக்கிட்டு நிப்பா.”

முதல் மாதம் நான் அனுப்பிய தாளில் சில நாட்கள் வெறுமையாக இருந்தன. ஐயா நேரில் வந்து காரணம் கேட்டார். நான் கொடி படர்ந்திருந்த அகத்தி மரத்தைப் பார்த்தேன். பேச்சிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு தண்ணீர் திருப்பப் போய்விட்டார். வீட்டுக்குத் தூரமான நாட்களில் பெண்கள் கொடிக்காலுக்குள் காலடி வைப்பதில்லை. வைத்தால் கொடி பட்டுப்போகும் என்பார்கள். வாசகர்கள் எல்லோரும் அறிந்ததுதான். ஆனாலும் அதை ஓர் ஆண்பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது?

ஐயா மறுபடி கேட்கவில்லை. வீட்டில் தம் மனைவி அஜ்மல் பீவி அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். அடுத்த வாரம் கையில் ஒரு கட்டுத் தபால் கார்டோடு வந்தார். எல்லாவற்றிலும் அவர் விலாசம் எழுதியிருந்தது.

“இதுல ஒண்ணும் எழுத வேணாம் தாயி. என்னைக்குப் பாக்க முடியலையோ அன்னைக்கு ஒண்ணைப் பெட்டியில போட்டுடுங்க. கார்டு கெடச்சதும் நான் வந்து பாத்துக்கிறேன்.”

சொன்னபடி வந்தார். மதுரையிலிருந்து முதல் ரயிலில் இறங்கி நடந்து வருவார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்குவார். எங்கள் வாசலில் நின்றால் அகத்தி வரிசைகளுக்கு நடுவே அவர் தொப்பி நகர்வது தெரியும். நான் மீண்டும் உள்ளே போகும் நாள் வரைக்கும் தினமும் வருவார். வீட்டுப் பக்கம் திரும்ப மாட்டார். நோன்பு மாதத்திலும் வந்தார். மோர் கொண்டுபோன பேச்சிமுத்து பாதி வழியில் நினைவு வந்து திரும்பிவிட்டார்.

“வழுக்கும் பாய். இம்புட்டுப் படிச்சவரு வரப்புல விழுந்தா எங்களுக்குல்ல கெட்ட பேரு?” என்பார் பேச்சிமுத்து.

“விழுந்தா அதையும் பெரிய எழுத்துல போட்ருவோம். பாத்தவர் பேச்சிமுத்துன்னு.”

ஒரு வருஷம் இப்படிப் போயிற்று. மருந்து ஊற்றிய கொடிகளில் பெரும்பாலானவை நின்றன. மற்றவற்றில் பாதிக்கு மேல் போய்விட்டன. செய்தி நாள்வாரி அட்டவணையோடு பெரிய எழுத்தில் வந்தது. அவர் பார்த்த நாட்களுக்கு நேரே உ.பா. என்று இருந்தது.

போன வாரம் மதுரையில் ஐயா வீட்டில் எல்லோரும் கூடினோம். ஆண்கள் கூடத்தில் இருந்தார்கள். நானும் அஜ்மல் பீவி அம்மாவும் திரைக்கு உள்ளே இருந்தோம். அந்த அட்டவணையைத் தனிப் புத்தகமாகப் போடப்போவதாகச் சிஹாபுதீன் சொன்னார். கொடிக்கால் வைத்திருக்கும் சுருளி குறுக்கிட்டார்.

“அந்தம்மா பாக்காத நாளா பாத்து உ.பா.ன்னு இருக்கே. பாய் மதுரையில உக்காந்துக்கிட்டே சோழவந்தான் கொடியப் பாத்துட்டாரு போல.”

சிலர் சிரித்தார்கள். “நான் பாத்ததுதான்” என்றார் ஐயா. மாதாமாதம் அந்த நாட்களில் மட்டும் எதற்காகப் போனார் என்று சுருளி விடாமல் கேட்டார். ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சந்தேகம் என்று வந்துவிட்டால் அந்த நாட்களைப் பொடி எழுத்தில் போடலாமா என்று சிஹாபுதீன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

ஐயா முகத்தைத் திரையின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் பார்த்ததையும் கேட்டதையும் பிரித்துக் கொடுத்தவர். அவர் பார்த்தது பொடி எழுத்துக்குப் போகிறது. ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். எனக்காக அதைச் சொல்லாமல் இருக்கிறார்.

அஜ்மல் பீவி அம்மா என்னைப் பார்த்தார்கள். நான் திரையை விலக்கினேன்.

“அண்ணே, என்னைக்கெல்லாம் எங்களைக் கொடிக்காலுக்குள்ள விடமாட்டீகளோ, அன்னைக்கெல்லாம் ஐயா வந்தாரு. நான் வெறுங் கார்டைப் பெட்டியில போடுவேன். அது இங்க வந்து சேர அன்னைக்குச் சாயங்காலம் ஆயிடும். மாசாமாசம் அந்த நாள்கள்ல முதல் நாள் மட்டும் வெறுமையாக் கெடக்கும், பாருங்க. இங்கன உக்காந்து எழுதுறவரு அதை மட்டும் எதுக்கு விடணும்?”

சுருளி தாளை வாங்கி ஒவ்வொரு மாதமாகப் பார்த்தார். அவர் வீட்டிலும் பெண்கள் இருக்கிறார்கள். தலை நிமிராமலே, பெரிய எழுத்திலேயே போடச் சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

“நீங்க சொல்லியிருக்க வேணாம் தாயி” என்றார் ஐயா.

“எங்க வாசல்ல நின்னு பாத்தவ நான்தானே ஐயா.”

சிஹாபுதீன் தம்பிக்கு: இந்தக் கட்டுரையையும் பெரிய எழுத்தில் போடவும். பார்த்தவர், சுந்தரம்மாள், சோழவந்தான்.