செல்வி மூன்று முறை திரும்பினாள்

1. பெட்டியும் மணியும்

விருத்தாசலத்தில் பீங்கான் வேலைக்கு வரும் பெண்களின் பிள்ளைகளுக்காக ஒரு காப்பகம் இருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில், பெட்டி நிறைய மரக்கட்டைகளும் ஒரு பித்தளை மணியுமாக அங்கே போய் இறங்கினேன். அரசுப் பல்கலைக்கழகத்தில் குழந்தை வளர்ச்சியும் உளவியலும் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இங்கிலீஷ் பாடங்களை அகராதியோடு முட்டி மோதி நானாகவே படித்தவள். ஆய்வேட்டுக்கு முப்பது குழந்தைகளை டெஸ்ட் செய்ய வேண்டும்.

காப்பக ஆயா ராஜாம்பாள் என் பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, எங்க புள்ளைங்களுக்குப் பரிச்சையா? மக்குன்னு எழுதி வச்சிட்டுப் போயிடாதீங்க."

"பரீட்சை இல்லீங்க ஆயா, சும்மா விளையாட்டு."

"விளையாட்டுக்கு எதுக்கு மார்க்கு போடற பேப்பரு?"

சிரித்துச் சமாளித்தேன்.

2. இருபத்தொன்பதாவது குழந்தை

கேட்கும் திறனுக்கான டெஸ்ட் சுலபம். குழந்தையின் முதுகுக்குப் பின்னால் மணி அடிக்க வேண்டும், திரும்பினால் டிக். குழந்தைக்கு எதிரே பெரியவர்கள் யாரும் இருக்கக் கூடாது என்பது விதி.

நாலு வயது செல்வி ஆயாவை விட்டு நகர மாட்டேன் என்று அழுதாள். ஆயாவையே எதிரில் உட்கார வைத்தேன். மூன்று முறை அடித்தேன், மூன்று முறையும் திரும்பினாள். மூன்றாம் முறை நான் தலை நிமிர்ந்தபோது, ஆயா தாடையை என் பக்கம் லேசாக ஆட்டியதைப் பார்த்தேன். பார்த்தும் டிக் போட்டேன். அவளை விட்டால் முப்பது நிறையாது. வெள்ளிக்கிழமை நான் பல்கலைக்கழகத்துக்குத் திரும்ப வேண்டும்.

சாயங்காலம் செல்வியின் அம்மா அஞ்சலை வந்தார். கப்புகளைத் தரம் பிரிப்பது அவர் வேலை. விரலால் தட்டிச் சத்தத்தை வைத்தே கண்ணுக்குத் தெரியாத கீறலைச் சொல்லிவிடுவார்.

"கப்புக்கு வாயில்ல டீச்சரம்மா, தட்டுனாத்தான் பேசும். எம்பொண்ணு, பின்னால இருந்து கூப்புட்டா திரும்ப மாட்டேங்குது. வூட்ல புடிவாதம்ன்றாங்க. எனக்கு என்னமோ சந்தேகமா இருக்குது."

"மூணு தடவையும் திரும்புச்சுங்க அக்கா. காது நல்லாத்தான் இருக்குது."

"வயித்துல பால வாத்தீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஜனங்கள் பேசுவதில் நல்லதாக ஏதாவது காதில் விழுந்தால் எழுதி வைப்பது என் பழக்கம். அன்றும் செல்வியின் படிவத்துக்குப் பின்னால் 'கப்புக்கு வாயில்ல' என்று எழுதிக்கொண்டேன். அம்மாவின் சந்தேகத்தை எங்கேயும் எழுதவில்லை.

3. வாய்மொழித் தேர்வு

பேராசிரியை படிவங்களைப் புரட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"டெஸ்ட் பண்ணும்போது எதிர்ல யாராச்சும் இருந்தாங்களா?"

"இல்லீங்க மேடம்."

முதல் வகுப்பில் தேறினேன்.

4. பஸ் ஸ்டாண்டு

மூன்று வருடம் கழித்து, பாலர் பள்ளி மேற்பார்வையாளராக அதே ஊருக்கு வேலைக்கு வந்தேன். பஸ் ஸ்டாண்டில் அஞ்சலை என்னை அடையாளம் கண்டுகொண்டார். பக்கத்தில் செல்வி, என் வாயையே பார்த்தபடி நின்றாள்.

"ஸ்கூலுல சேத்தோம். சொன்ன பேச்சு கேக்கலன்னு வாத்தியாரு திருப்பி அனுப்பிட்டாரு. அப்புறந்தான் பாண்டிச்சேரிக்குத் தூக்கினு போனோம். பொறந்ததுலேர்ந்தே காது கேக்கலயாம். நாலு வயசுலயே கொண்டாந்திருந்தா பேச்சு பழக்கியிருக்கலாம்னு டாக்டரு சொன்னாரு."

அஞ்சலைதான் என்னைத் தேற்றினார்.

"உங்க மேல தப்பு இல்ல டீச்சரம்மா. ஆயா அழுதுகினே எல்லாத்தையும் சொல்லிச்சு. அது ஜாடை காட்டுனது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வேப்பூர் பஸ் வந்தது. "போயிட்டு வரோம்" என்று ஏறிவிட்டார்கள்.

அதன் பிறகு பணியில் இருந்தவரை ஒரு வழக்கத்தை விடவில்லை. மணியைத் தொடுவதற்கு முன், 'உங்களுக்கு என்ன சந்தேகம்?' என்று அம்மாவைக் கேட்பேன். அவர் சொல்வதைப் படிவத்தின் முன்பக்கத்தில், முதல் வரியாக எழுதுவேன். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கும் இதையே சொன்னேன். ஏன் என்று அவர்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

அன்று அஞ்சலை கேட்ட கேள்விக்குப் பதில் ஒரே வார்த்தைதான். தெரியும். பஸ் புழுதி அடங்கும்வரை அதை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.