கிணற்றுத் தண்ணீர் சுட்டபோது

போன செவ்வாய்க்கிழமை கொழும்பிலிருந்து, கண்டிக்கு அருகே திகன வீட்டுக்குத் திரும்பினேன். நான் இல்லாதபோது வெட்டிய புதுக்கிணற்றில் கால் கழுவலாமென்று ஒரு வாளி இறைத்தேன். கையை விட்டதும் பகீரென்றது. தண்ணீர் சுட்டது! கரி வாடை வேறு.

வேறொரு நாளாக இருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். ரயிலில் எதிரே ஒரு சுரங்க என்ஜினியர் உட்கார்ந்திருந்தார். நெருப்புக் குழம்பாக மேலேறி வந்து இறுகிய கருங்கல், சில தேசங்களில் இன்னும் இளசாம்... சூடே ஆறவில்லையாம். அதன் வெடிப்புகளில் தேங்கிய தண்ணீர் ஆழத்தில் கொதித்துக் கிடக்குமாம். “இளசு என்றால்?” என்றேன். “சில லட்சம் வருஷம்” என்றார். சிரித்தேன். கண்டிக் கல் இளசா, கிழமா என்று கேட்பதற்குள் ஸ்டேஷன் வந்துவிட்டது.

கிணற்றடியில் சிரிப்பு வருமா?

வீட்டுக்குள் நிறைமாத மகள் – தலைப்பிரசவத்துக்கு உம்மா வீடு வந்திருப்பவள். மாட்டுவண்டியைக் கூப்பிட்டேன். “இவள இப்பவே தெல்தெனியவுக்கு, மாமியார் வீட்டுக்கு அனுப்பணும்.”

மனைவி வாசலை மறித்தாள். “தலைப்புள்ளக்கி வந்தவள திருப்பி அனுப்புறதா? ஊரு என்ன சொல்லும்?”

“ஊர் மிஞ்சினாத்தானே சொல்லும்!”

மகள் அழுதாள். “நான் என்ன குத்தம் செஞ்சன், வாப்பா?”

பூமிக்கடியில் நெருப்பு என்று பிள்ளைத்தாய்ச்சியிடம் சொல்ல முடியுமா? மனைவியைத் தனியே அழைத்துச் சொன்னேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “நெருப்பு அடியில இல்ல, மேலதான்! கிணறு வெட்டுறவங்க அடிப்பாறைய வெடிமருந்து வெச்சு உடைக்கப் பாத்தாங்க. சத்தத்துல புள்ளத்தாச்சி பயந்துருவாண்டு நான்தான் வேணாமெண்டன். பாறைக்கி மேல விறக அடுக்கி எரிச்சி, தண்ணிய ஊத்தினாங்க. கல் வெடிச்சி காலையிலதான் ஊத்து வந்திச்சி. சூடு ஆற வேணாமா?”

பிறகு விசாரித்தேன். நம் பக்கத்துக் கல் எப்போதோ சூடாறிய கிழக்கல்லாம். ஒன்றும் தெரியாதவன் நிம்மதியாக இருக்கிறான். எல்லாம் தெரிந்தவனும் அப்படியே. பாதி தெரிந்தவன் வீட்டு வாசலில்தான் வண்டி நிற்கிறது.

அந்த வண்டியைத் திருப்பி அனுப்பிய சற்று நேரத்திலேயே மகளுக்கு வலி கண்டது. அடுத்த வீட்டு மருத்துவிச்சி ஓடி வந்தார். பேரன் அவசரக்காரன்... ஆனால் கழுத்தில் கொடி சுற்றி, நீலம் பாரித்துக் கிடந்தான். மருத்துவிச்சி கொடியை விடுவித்து முதுகில் தட்டத் தட்ட, அப்புறம்தான் அழுதான்.

தெல்தெனிய ரோட்டில், அந்த வண்டிக்குள், நான் யாரைக் கூப்பிட்டிருப்பேன்?