புரட்டாத பக்கம்

கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் மேடையில் என் அண்ணனுக்கு வேலை கிடைத்தது. வேலையில் சேருமுன், மிதவைச் சட்டையோடு உயரத்திலிருந்து தண்ணீரில் குதிக்கும் பாதுகாப்புப் பயிற்சியில் தேற வேண்டும். வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான். பயிற்சிக்கான ஆங்கிலக் கையேட்டைப் பெருமையோடு வாசித்துச் சொன்னேன்.

“இம்புட்டுத்தானா? நம்ம கிணத்துல குதிக்காததா!” என்ற அண்ணன், மிதவைச் சட்டைக்குப் பதிலாக மார்பில் சுரைக்குடுக்கைகளைக் கட்டிக்கொண்டு, தலைகீழாகப் பாயக் கிணற்றுமேட்டில் ஏறிவிட்டான். அப்போதுதான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். மிதவையோடு தலைகீழாகப் பாய்ந்தால் கழுத்து முறியலாம், நிமிர்ந்து கால் முதலில் இறங்க வேண்டும் என்றிருந்தது.

“பாஞ்சுராதண்ணே!” என்று அலறினேன்.

விஷயத்தைச் சொன்னதும், “பத்தாவது படிச்ச புள்ள பாதிதான் படிப்பியோ?” என்று சிரித்துவிட்டு, நிமிர்ந்தே குதித்தான். பயிற்சியிலும் தேறினான்.

இப்போதெல்லாம் யார் காகிதம் கொண்டுவந்தாலும் கடைசி வரிவரை படித்த பிறகே வாய் திறக்கிறேன். அவசரப்படுத்தினால், அண்ணனின் கழுத்தை நினைத்துக்கொள்கிறேன்.