எனக்குன்னு எதுவும் சொல்லாதீங்க

"எனக்குன்னு எதுவும் சொல்லாதீங்க, பசியே இல்ல" என்று சொல்லிக்கொண்டே செக்கிங் அக்கா நாற்காலியை மேசைக்கு ஒட்டி இழுத்துப் போடுகிறார். சைனீஸ் ஹோட்டலில் அவர் உட்காருவது எப்போதும் மேசையின் நடுவில்தான். ஓரத்தில் இடம் காட்டினால் "ஏசி நேரா மண்டையில அடிக்குது" என்பார். நடுவில் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் கை எட்டும். ஏசி மேல் பழியைப் போடுவது சும்மா ஒரு மரியாதைக்கு.

மற்றவர்கள் மெனு அட்டைக்கு அடித்துக்கொண்டு ஆளுக்கொன்று சொல்லி முடிப்பார்கள். ஃபிரைட் ரைஸ், நூடுல்ஸ், பெப்பர் சிக்கன், பூண்டு போட்ட இறால். கடைசியில் பரிமாறுகிறவர் அக்காவைப் பார்ப்பார். "இவங்களுக்குக் கொண்டாங்க, நான் ஒரு வாய் ருசி பார்த்துக்கறேன், போதும்." பழகிய கடை என்பதால் அவரும் மறு பேச்சில்லாமல் ஒரு காலித் தட்டை அக்கா முன்னால் வைத்துவிட்டுப் போவார். அந்தத் தட்டு கடைசிவரை காலியாகவே இருக்கும். எடுத்தது தட்டுக்கு வந்து சேர்ந்தால்தானே.

ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவு மொத்தமும் அவர் பொறுப்பு. பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. முதலாளியின் மாமனார்கூட 'செக்கிங் அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார். கட்டுக்கட்டாக வரும் சட்டைகளில் நடுவிலிருந்து ஒன்றை உருவுவார். காலரைத் திருப்புவார், தையலை இழுப்பார், பொத்தானை நெம்புவார். அதோடு மொத்தக் கட்டின் தலையெழுத்தும் முடிந்தது. "ஒண்ணைப் பார்த்தா போதும், மத்தது என்ன லட்சணம்னு தெரிஞ்சிடும்" என்பார்.

இந்தப் புத்தி வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போதும் கூடவே வந்துவிடுகிறது. பேருந்தில் முன் இருக்கைக்காரர் சட்டையில் ஒரு நூல் தொங்கினால் போதும், கை பரபரக்கும். ஒருமுறை இழுத்தே விட்டார். இழுக்க இழுக்க நூல் வந்துகொண்டே இருந்தது. அந்த மனிதர் திகைத்துத் திரும்பியபோது மன்னிப்பா கேட்டார்? "ஓவர்லாக் தையல் சரியில்ல, எங்க வாங்கினீங்க?" என்று அவரையே ஒரு பிடி பிடித்தார்.

அக்கா வீட்டார் வழக்கமாகப் போகும் ஹோட்டல் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. படியேறும்போது ரப்பர் வாசனை, ஏறி முடித்ததும் பூண்டு வாசனை. கல்லாவில் கையாட்டும் தங்க நிறப் பூனை பொம்மை. மீன்தொட்டியில் ஒரே ஒரு மீன், யாரோடோ சண்டை போட்டதுபோல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சுற்றும். மேசைக்கு மேசை காகித உறையில் குச்சிகள் இருக்கும். அக்கா குடும்பத்தில் எல்லோரும் அந்தக் குச்சியை இரண்டு தடவை கத்தரி மாதிரி ஆட்டிப் பார்த்துவிட்டு ஸ்பூன் கேட்பவர்கள். அக்கா மட்டும் ஒரே நாளில் கற்றுக்கொண்டுவிட்டார். கை எட்டாத தட்டுக்கும் குச்சி எட்டும் என்று தெரிந்த பிறகு கற்காமல் இருப்பாரா? இன்றைக்கு அவர் குச்சியால் ஒற்றைப் பட்டாணியை மேசையின் அந்தக் கோடியிலிருந்து கொண்டுவந்துவிடுவார். வழியில் ஒரு சொட்டு சாஸ்கூடச் சிந்தாது.

முறை ஒன்றுதான். "அது என்ன, காளானா?" என்று கேட்பார். கேட்கப்பட்டவர் தன் தட்டைக் குனிந்து பார்த்து, "இல்லக்கா, இது வந்து..." என்று ஆரம்பிக்கும்போது அது அக்கா வாயில் இருக்கும். உடனே தீர்ப்பு. "தேறும்." "உப்பு பத்தல." "இதைத் திருப்பி அனுப்பணும்." செக்கிங் பிரிவுப் பெண்கள் கூட்டமாக வந்தபோது ஒருத்தி துணிந்து ஒரு காரியம் செய்தாள். எச்சில் செய்துவிட்டால் எடுக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் தன் தட்டில் இருந்த சிக்கன் துண்டு ஒவ்வொன்றையும் ஒரு கடி கடித்து வைத்தாள். அக்கா ஒரு துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "பல்லு வரிசை நல்லாயிருக்குடி உனக்கு" என்றார். சாப்பிட்டும் விட்டார்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பேச்சு குறைவு, இடது கையை வேலிபோல் தட்டைச் சுற்றி வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவார். எதைச் சொன்னாலும் பெரிய பிளேட்டாகத்தான் சொல்வார். "இவளுக்கும் சேர்த்துச் சொல்லணும். ஆனா இவளுக்குன்னு சொல்லிடக் கூடாது" என்பது இத்தனை வருட இல்லறத்தில் அவர் கண்டுகொண்ட சூட்சுமம்.

ஆனால் ஒன்று, அக்கா கண்ட கண்ட தட்டில் கைவைப்பவர் இல்லை. கம்பெனி மேனேஜர் ஒருநாள் பிரிவுப் பொறுப்பாளர்களை மட்டும் இதே கடைக்கு அழைத்துவந்தார். அக்கா சூப்பை மட்டும் குடித்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, புகைப்படத்துக்கு உட்கார்ந்தவர்போல் இருந்தார். வீட்டுக்கு வந்து பழைய சோற்றைத் தேடினார். ஏன் என்று கேட்டதற்கு, "நம்ம ஆளுங்கன்னாத்தான் கை போகும். மத்தவங்க தட்டுல எதுக்கு?" என்றார்.

இப்படிப்பட்டவரிடம்தான் ஒரு சனிக்கிழமை மகன் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை அவனுக்கு. கண்ணாடி மாற்ற வந்த ஒரு பெண்ணுக்கு ஃப்ரேம் காட்டியே ஒரு வருடத்தை ஓட்டியிருக்கிறான். மறுநாள் மதியம் அந்தப் பெண் இவர்களோடு சாப்பிட வருகிறாள். அவளே கேட்டாளாம், சைனீஸ் போகலாம் என்று.

"அம்மா, ஒரே ஒரு விஷயம். அவ தட்டுல மட்டும் கை வைக்காத."

"நான் எப்படா கை வச்சேன்? குச்சிலதானே எடுப்பேன்."

"குச்சியும் வேணாம். அவ லேப்ல வேலை பார்க்கறா. நாள் முழுக்க மைக்ராஸ்கோப்ல கிருமியைப் பார்க்கற பொண்ணு. அவங்க வீட்டுல தண்ணி பாட்டில்ல கூட ஆளாளுக்குப் பேர் எழுதி ஒட்டியிருக்கு. எச்சில்னாலே அவளுக்கு ஆகாது."

"அப்ப எங்கிட்ட வளர்ந்த உனக்கும் அவளுக்கும் எப்படிடா ஆகும்?"

மகன் சிரிக்கவில்லை. "இது கெட்டுப்போயிடக் கூடாதும்மா எனக்கு" என்றான். அவன் அப்படிக் குரல் தழைந்து பேசி அக்கா கேட்டதில்லை. இத்தனை காலம் கழித்து வீட்டுக்கு ஒரு பெண் வரப்போகிறாள்; அது ஒரு துண்டுக் கோழிக்காகக் கெட்டது என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது. "சரி, வைக்கல. போ" என்று வாக்குக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மேசையின் ஓரத்தில் போய் உட்கார்ந்தார். ஏசி நேராக மண்டையில் அடித்தது. அந்தப் பெண் எதிரே உட்கார்ந்தாள். ஒல்லியான பெண், மூக்கில் இவன் விற்ற கண்ணாடி. பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்துக் கைக்குத் தெளித்துக்கொண்டாள். பிறகு ஸ்பூனைக் காகிதத்தால் துடைத்தாள், துடைத்த காகிதத்தை நான்காக மடித்தாள். அக்காவுக்கு உள்ளூரப் பிடித்துப்போனது. வேலை சுத்தமாகத் தெரிந்தவள். அதே நேரத்தில் பயமும் கூடியது.

பரிமாறுகிறவர் வழக்கம்போல் காலித் தட்டோடு வந்தார். "எனக்கு ஒரு வெஜிடபிள் நூடுல்ஸ்" என்றார் அக்கா.

"உங்களுக்கா?"

"ஏங்க, எனக்கு வாய் இல்லையா?"

அவர் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

நூடுல்ஸ் வந்தது. முதல் வாய் நன்றாக இருந்தது. இரண்டாவது வாயும் அதே ருசி. மூன்றாவதும் அதே. இப்படி ஒன்றையே கடைசிவரை சாப்பிட்டு எழுந்திருக்கிறார்களே, இவர்களுக்கெல்லாம் எவ்வளவு பொறுமை என்று அக்காவுக்கு ஆச்சரியமாக இருந்தது. பக்கத்தில் வீட்டுக்காரர் பாடு அதைவிட மோசம். வேலி போட்டு உட்கார்ந்தவருக்குத் திருட வருவார் யாருமில்லை. பெரிய பிளேட்டில் பாதி அப்படியே கிடந்தது. கையை விலக்கிப் பார்த்தார். நல்ல துண்டாக நாலைத் தட்டின் விளிம்புக்குத் தள்ளி வைத்தும் பார்த்தார். மேசையில் பேச்சே இல்லை. காளானா என்று கேட்க ஆள் இல்லாததால் யாருக்கும் எதில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கீழே யாரோ டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"நல்லாயிருக்கா, ஆன்ட்டி?" என்று அந்தப் பெண்தான் கேட்டாள்.

"ம், தேறும்" என்றார் அக்கா. வாய் திறந்ததுதான் தாமதம், கை அதன் பாட்டுக்குக் கிளம்பிவிட்டது. வீட்டுக்காரர் தட்டிலிருந்து ஒரு துண்டு போனது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அடுத்து மகன் தட்டில் ஒரு வாய் ஃபிரைட் ரைஸ். பிறகு குச்சி பழக்கத்தில் மேசையைக் கடந்து, எதிர்த் தட்டுக்கு மேலே போய், அங்கே இறாலுக்கு நேர் மேலே நின்றது. கொடுத்த வாக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. குச்சி காற்றில் இரண்டு நொடி ஆடிவிட்டு, காலியாகத் திரும்பி வந்தது.

அந்தப் பெண்ணின் முகம் சட்டென்று விழுந்துவிட்டது. ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"என் தட்டுல மட்டும் ஏன் ஆன்ட்டி எடுக்கல?"

"இல்ல கண்ணு... நீ சாப்பிடு."

"இவர்தான் சொன்னாரு. அம்மா பிடிச்சவங்க தட்டுல மட்டுந்தான் எடுப்பாங்க, எடுத்தா தப்பா நினைச்சுக்காத, எடுத்தாங்கன்னா நீ எங்க வீட்டு ஆளுன்னு அர்த்தம்னு. அதுக்காகத்தான் நான் சைனீஸே போகலாம்னேன்." கண்ணாடிக்குப் பின்னால் கண் கலங்கிவிட்டது. "அங்கிள் தட்டுல எடுத்தீங்க. இவர் தட்டுல எடுத்தீங்க. என்கிட்ட வந்துட்டு வேணாம்னு திரும்பிப் போயிட்டீங்க."

அக்கா மகனைப் பார்த்தார். அந்தப் பெண்ணும் பார்த்தாள். இரண்டு பக்கமும் முன்ஜாக்கிரதையாகச் சொல்லிவைத்த புத்திசாலி, மீன்தொட்டியை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐயோ, உன்னைப் பிடிக்காம இல்லம்மா" என்றார் அக்கா. "உனக்கு எச்சில்னா ஆகாதுன்னு இவன் வந்து சொன்னான். அதுக்குப் பயந்துதான் நேத்துலேர்ந்து கையைக் கட்டிக்கிட்டு இருக்கேன். இந்த நூடுல்ஸை நான் எதுக்கு வாங்கினேன்னு நினைக்கிற?"

அந்தப் பெண் மூக்கை உறிஞ்சினாள். பொய் சொல்லத் தெரியாத பெண்.

"ஆகாதுதான் ஆன்ட்டி" என்றாள். "எனக்கு நிஜமாவே ஆகாது." பிறகு தன் தட்டை அக்கா பக்கம் மெதுவாகத் திருப்பினாள். ஒரு ஓரத்தில், அவள் ஸ்பூன் படாமல், கொஞ்சம் இறால் தனியாக ஒதுங்கியிருந்தது. "அதான் நான் வாயில வைக்கறதுக்கு முன்னாடியே உங்களுக்குன்னு எடுத்து வச்சேன்."

வீட்டுக்காரர் சாப்பிடுவதை நிறுத்தினார். மகன் மீனை விட்டுவிட்டுத் திரும்பினான்.

அக்கா தன் கையிலிருந்த குச்சிகளைப் பார்த்தார். வாயில் படாத பின்முனை முன்னால் வரும்படி அவற்றைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார். மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி, இருந்ததிலேயே பெரிய இறாலாகப் பார்த்து எடுத்தார்.