கண்ணாடித் தகட்டில் சிரித்தவர்

வேலூரில் நான் வேலை பார்க்கும் கல்லூரியின் ஆவண அறையில், பழைய பீரோவைக் காலி செய்தபோது கண்ணாடித் தகடுகள் சில கிடைத்தன. பிலிம் வருவதற்கு முந்தைய காலத்துப் படங்கள். ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கருப்பும் வெள்ளையும் இடம் மாறித் தெரிந்ததில் ஒன்றும் பிடிபடவில்லை. ஸ்கேன் செய்து நிறத்தைத் திருப்பியதும் எங்கள் பெரிய கட்டடம் வந்தது, கூரையில்லாமல். சாரத்தின் மேல் தலையில் சாந்துச் சட்டியோடு ஏழெட்டுப் பெண்கள்.

அறையைப் பெருக்க வந்த அக்கா துடைப்பத்தைச் சாத்திவிட்டு அருகில் வந்தார். "இன்னாங்க இது, நம்ம காலேஜா?"

"ஆமாங்க்கா. கட்டும்போது எடுத்தது."

நடுவில் நின்ற பெண்ணைத் திரையில் பெரிதாக்கினேன். கண்கள் சுருங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். மூக்குத்தியும் விரலில் ஒட்டிய சுண்ணாம்பும்கூட அவ்வளவு தெளிவு. இத்தனை காலமும் அந்தச் சிரிப்பு பீரோ இருட்டுக்குள் அப்படியே இருந்திருக்கிறது.

"இவங்க பேரு எங்கனா எழுதிக்கீதா?" என்று அக்கா கேட்டார்.

தகட்டின் உறையில் 'கட்டடம், கிழக்குப் பக்கம்' என்று மட்டுமே இருந்தது. ஆவண அறைப் பட்டியலில் இந்தப் படத்துக்கான குறிப்பில் நான் முதலில் அந்தப் பெண்களைப் பற்றி எழுதினேன். கட்டடத்தை அடுத்த வரியில் சேர்த்தேன்.