பிரேக் அக்காவின் வெள்ளைப் பட்டன்கள்

டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அந்த அக்காவைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிரேக் அக்கா என்றால்தான் தெரியும். பழகுகிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, பக்கத்துச் சீட்டில் இருந்தபடி தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை அவள் ஒரு மிதி மிதித்தால் வண்டி மூக்குக் குத்தி நிற்கும். சினிமா பார்க்கும்போதுகூட அக்கா தரையை மிதிப்பாள் என்று அவள் தம்பி சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

ஸ்கூலை ஆரம்பித்தது அவள் வீட்டுக்காரர். லாரி ஓட்ட வெளியூர் போனவர், போனவர்தான். மிச்சம் ஒரு காரும் ஒரு போர்டும். அதை வைத்துக்கொண்டே பதினாறு வருஷம் ஓட்டிவிட்டாள். இப்போது ரெண்டு தெரு தள்ளிப் புது ஸ்கூல் வந்துவிட்டது. பளபளவென்று நாலு கார். பழக வந்தவர்கள் ஒவ்வொருவராக அங்கே நழுவினார்கள். கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு நர்ஸ். ரெண்டு தடவை டெஸ்ட்டில் தவறியவள். மூன்றாவது டெஸ்ட் வியாழக்கிழமை. தான் பாஸானால் தன்னோடு வேலை செய்யும் நாலு பேரைக் கூட்டிவருவதாகச் சொல்லியிருந்தாள். இல்லையென்றால் போர்டைக் கழற்ற வேண்டியதுதான்.

காருக்கு இன்ஜினில் குறை இல்லை. குறையெல்லாம் உள்ளே. கதவுப் பிடி, சுவிட்ச், பட்டன் எல்லாவற்றின் மேலும் புதிதில் ரப்பர் மாதிரி மெத்தென்று ஒரு கறுப்புப் பூச்சு இருந்தது. வருஷக்கணக்காக வெயிலில் நின்றதில் அது இளகிப் பிசினாகிவிட்டது. தொட்டால் விரல் ஒட்டும், எடுத்தால் கறுப்பு வரும்.

"அக்கா, நான் நாளுக்கு நாப்பது தடவ கை கழுவுறவ. உங்க வண்டி அழுக்கு மட்டும் போக மாட்டேங்குது" என்றாள் நர்ஸ், வெள்ளை யூனிஃபார்மில் பட்ட கறையைக் காட்டி.

"வெயில்ல நிக்கிற வண்டிம்மா. நமக்கே வேர்க்குது, அதுக்கு வேர்க்காதா?" என்று சிரித்து மழுப்பினாள் அக்கா. வீட்டுக்கு வந்து முகத்துக்குப் போடும் பவுடரை எடுத்து எல்லா இடத்திலும் பூசினாள். ரெண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் பவுடரும் பிசினும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் திரண்டுகொண்டன.

தம்பி பெயின்ட் கடை வைத்திருந்தான். "உன் வண்டிக்கு ஆளுங்கள விட மனசில்லக்கா, அதான் கையப் புடிச்சு இழுக்குது" என்று கிண்டல் செய்தபடி ஒரு பாட்டில் ஸ்பிரிட் எடுத்துக் கொடுத்தான். "பழைய பனியன் துணில நனைச்சுத் தேய். முதல்ல ஒரு ஓரமா தேச்சுப் பாத்துட்டு அப்புறம் மத்ததுல கைய வை."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் உட்கார்ந்தாள். கதவுப் பிடியின் ஓரத்தில் தேய்த்தாள். பிசின் கறுப்புத் திரியாகச் சுருண்டு வந்தது. அடியில் வழுவழுவென்று கெட்டி பிளாஸ்டிக். அக்காவுக்குக் கை நிற்கவில்லை. பிடி, ஜன்னல் சுவிட்ச், கியர் தலை என்று துடைத்துக்கொண்டே போனாள். கடைசியாக, நடுவில் இருந்த ஒன்பது பட்டன்களின் மேலும் துணியை ஒரே இழுப்பாகப் போட்டு அழுத்தித் தேய்த்தாள். துணியை எடுத்துப் பார்த்தபோது ஒன்பதும் வெறும் வெள்ளை. பட்டனில் இருந்த படங்களை யாரும் மேலே எழுதியிருக்கவில்லை. கறுப்புப் பூச்சை வெட்டித்தான் படமாக்கியிருந்தார்கள். பூச்சு போனதும் படமும் போய்விட்டது. ஒன்பதும் பல்வரிசை மாதிரி இளித்தன.

"ஓரமா தேச்சுப் பாக்கச் சொன்னேனே!" என்று தம்பி போனில் கத்தினான்.

"ஓரமாத்தான்டா பாத்தேன். ஓரத்துல படம் இல்லையே!"

புதன்கிழமை மார்க்கர் பேனாவால் படங்களை அவளே வரைந்தாள். எது எந்தப் பட்டன் என்பது விரலுக்குத் தெரியும். ஆனால் விரலுக்குத் தெரிந்ததால் கண் அவற்றைப் பார்த்தே வருஷக்கணக்காகிறது. மூடுபனி படிந்த கண்ணாடியைத் தெளிய வைக்க ரெண்டு பட்டன்: முன்கண்ணாடிக்கு விசிறி மாதிரி ஒரு படம், பின்கண்ணாடிக்குச் சதுரமாக ஒரு படம். ரெண்டிலும் மூன்று நெளி கோடு. அவள் முன்னதைச் சதுரமாக்கிப் பின்னதை விசிறியாக்கிவிட்டாள். வண்டியோடு வந்த புத்தகத்தைப் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும். பதினாறு வருஷம் சொல்லிக் கொடுத்தவள் இதற்குப் போய்ப் புத்தகம் பார்ப்பாளா?

வியாழக்கிழமை விடியும்போதே மழை. நர்ஸும் டெஸ்ட் எடுக்கும் ஆபீசரும் காரில் ஏற, அக்கா மைதானத்து ஓரத்தில் தகரக் கூரைக்கடியில் நின்றாள். நர்ஸ் எட்டு போட்டாள், எங்கேயும் திணறவில்லை. இனி ரெண்டு கம்பங்களுக்கு நடுவே ரிவர்ஸ் மட்டும்தான். பின்கண்ணாடி முழுக்க வெள்ளையாக மூடியிருந்தது. பட்டனை அழுத்துவாள், தெளிந்துவிடும் என்று அக்கா காத்திருந்தாள். தெளியவில்லை. வண்டி பின்னால் வர ஆரம்பித்தது. கோணலாக, கம்பத்தைப் பார்த்து வந்தது.

அக்கா மிதித்தாள். காலடியில் சேறு தெறித்தது.

கம்பம் சாய்ந்தது.

"சதுரத்தத்தானேக்கா அழுத்தணும்? ரெண்டு தடவ அழுத்தினேன். முன்னாடிதான் புஸ்ஸுன்னு காத்து வந்துச்சு" என்று இறங்கி வந்த நர்ஸ் அழுதாள். அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது.

ஆபீசரிடம் ஓடினாள். "சார், அது அவ தப்பில்ல. படத்த நான்தான் மாத்திப் போட்டுட்டேன்."

"இருக்கட்டும்மா. ரோட்டுல யார் மேலயாவது ஏத்தியிருந்தா அங்க போயி இதச் சொல்ல முடியுமா?" அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "பட்டன்ல கையால கிறுக்கின வண்டிய இனிமே டெஸ்ட்டுக்குக் கொண்டு வராதீங்க."

நர்ஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "இன்னைக்குக் கை சுத்தமா இருக்குக்கா" என்றாள். பிறகு தயங்கி, "அடுத்த தடவ நான்..." என்று இழுத்தாள்.

"அந்தப் புது ஸ்கூலுக்கே போம்மா. நல்லாத்தான் சொல்லித் தருவாங்க."

"வீட்டுல விட்டுடறேன், ஏறு" என்று அக்கா கூப்பிட்டதற்கு, பஸ் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் மழையில் ஓடினாள்.

அக்கா காரில் ஏறினாள். பின்கண்ணாடி இன்னும் மூடியே இருந்தது. பார்க்காமலே விரல் போய்ச் சரியான பட்டனை அழுத்தியது. கோடு கோடாகக் கண்ணாடி தெளிந்தது. பின்னால் சாய்ந்த கம்பமும் காலி மைதானமும் தெரிந்தன. வேறு யாரும் இல்லை.