வெட்கத்துக்கு இங்கிலீசு

கொட்டாஞ்சேனைச் சவுந்தரநாயகத்துக்கு ஒரு பைத்தியம் இருந்தது. துறைமுகத்தடியில் ஒரு கப்பல் கொம்பனியில் அவர் கிளாக்கர். வெள்ளைக்காரத் துரைமார் பேச்சுவாக்கில் விடும் இங்கிலீசையெல்லாம் சட்டைப்பைக் கொப்பியில் எழுதிவைப்பார். அதிலும் வெட்கப்பட்டால் அவர்கள் சொல்வதில்தான் அவருக்குத் தனி மோகம். தேநீரைக் கொட்டிக்கொண்டால் 'செத்தே போனேன்' என்பார்கள். ஒரு துரைசாணியின் பெயர் மறந்துவிட்டால் 'முகம் பீற்றூட் கிழங்காகிவிட்டது, நிலத்துக்குள் போயிருப்பேன்' என்பார்கள். சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். வெட்கம் இவ்வளவு இலேசான சாமானா என்று சவுந்தரநாயகம் வாய் பிளப்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டில் ஒரு நாள் மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டுப் போனார். அதை எடுத்துக்கொண்டு அக்கா புளோறன்ஸ் வெறுங்காலோடு கொம்பனிக் கந்தோர் வாசலுக்கே வந்துவிட்டார். தாய் தகப்பன் போனபின் அப்பம் சுட்டு விற்றுத் தம்பியை இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் அவர். சேலையெல்லாம் மா. பக்கத்தில் நின்ற துரை, "யார் இந்தப் பெண்?" என்று இங்கிலீசில் கேட்டார்.

"எங்கள் பகுதியில் அப்பம் விற்பவள், சேர்," என்றார் இந்தப் பெரிய மனிதர், அதே இங்கிலீசில்.

அக்கா கண்ணாடியைத் தம்பியின் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தக் கிழமை முழுக்கச் சவுந்தரநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை கொச்சிக்கடை வேதக்கோயிலுக்குச் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனார். வழக்கத்துக்கு மாறாக இங்கிலீசில் தொடங்கினார். பீற்றூட் வந்தது, நிலம் வந்தது, பாவம் மட்டும் வரவில்லை.

"தமிழிலை சொல்லும்," என்றார் சுவாமியார். "என்ன செய்தனீர்?"

தமிழில் ஒரு சோடனையும் கைகொடுக்கவில்லை.

"என்ர அக்காவை அக்கா எண்டு சொல்லேல்லை, சுவாமி."

"பொய் சொன்னீரோ?"

"இல்லை சுவாமி. அப்பம் விக்கிறவ எண்டது உண்மைதான்."

"பிறகேன் அழுறீர்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போய் அவவிட்டையே சொல்லும். அதுதான் உமக்குப் பரிகாரம்."

அக்காவுக்கு இங்கிலீசு தெரியாது, சொல்லாமலே விட்டால் என்ன என்று வழி முழுக்க மனம் நொண்டிச் சாட்டுச் சொன்னது. நெஞ்சு கேட்கவில்லை. குசினிக்குள் அக்கா மா குழைத்துக்கொண்டிருந்தார். சவுந்தரநாயகம் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

அக்கா மாவிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எனக்கு இங்கிலீசு தெரியாதுதான், தம்பி. ஆனா நீ முதலாம் வகுப்பிலை என்னைக் காட்டிக் காட்டிப் பாடமாக்கின 'சிஸ்டர்' மட்டும் தெரியும். அது வருமெண்டுதான் அண்டைக்குக் கந்தோர் வாசல்லை பாத்துக்கொண்டு நிண்டனான்."